நான்காவது சேனல்

திம்மராஜின் கிட்டார் எப்போதும் நான்காவது சேனலில்.
ஒன்று பாடகர், இரண்டு பாடகி, மூன்று கீபோர்டு.
மிக்ஸரில் பிளாஸ்திரி ஒட்டி
அவன் பெயரைப் பச்சை மையில் எழுதியிருந்தேன்.
‘தி’ மட்டும் மிச்சம். மற்றதை என் விரல் வியர்வை தின்றுவிட்டது.

பத்தொன்பது வருஷம் ஒரே வேன்.
அரூர், ஊத்தங்கரை, பாலக்கோடு,
மஞ்சள் நீராட்டுக்கு வேப்பனப்பள்ளி.
கால் நீட்ட இடமில்லாமல்
ஸ்பீக்கர் பெட்டியில் தலை சாய்த்துத் தூங்குவான்.
தொப்பூர் இறக்கத்தில் மட்டும் விழித்து
பிரேக் வாசனையை மோந்து பார்த்துவிட்டு
மறுபடி தூங்குவான்.

அவனிடம் ஒரு கேசட் இருந்தது.
பெங்களூர்க் கடையில் பக்திப்பாட்டு கேட்டு
உறை மாறி வந்தது. பெயர் இல்லை, படம் இல்லை.
உள்ளே ஓர் ஆள், ஒரு கிட்டார்.
முதல் கியரில் மேடேறும் புளிமூட்டை லாரி மாதிரிக் குரல்.
ஒரு வார்த்தை எங்களுக்குப் புரியாது.
“இவன் ஊர்த் தண்ணியும் நம்மூரு மாதிரிதான் இருக்கும்” என்றான்,
அந்தத் தண்ணீர் காவி ஏற்றிய பல் தெரிய.

சீசாவின் கழுத்தை உடைத்து
ராயக்கோட்டைப் பட்டறையில் சாணை பிடித்து
விரலில் மாட்டிக்கொண்டான்.
கம்பிமேல் அது வழுக்கும்போது
கடன் கேட்டுப் போனவன்
உள்ளே நுழையாமல்
வாசலிலேயே செருமுவது போலிருக்கும்.

அதைக் கச்சேரியில் வாசிக்க முடியாது.
“சோதனை, சோதனை, ஒன்று இரண்டு மூன்று” என்று
நான் சொல்லி முடித்ததும்
நாற்காலி நிரம்பும் முன் இரண்டு நிமிஷம்.
அதுதான் அவன் உத்தியோகம்.
அப்புறம் நாலு மணி நேரம், சம்பளத்துக்கு.

பெங்களூர் பப் ஒன்று கூப்பிட்டது.
மூன்று சனிக்கிழமை போனான்.
நாலாவதில் ஓசூர் பஸ் ஸ்டாண்டோடு திரும்பிவிட்டான்.
“எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுக் கேக்கறாங்கடா.
பயமா இருக்குது.”

பென்னாகரம் திருவிழா ராத்திரி.
சேலத்துப் பாடகியின் கார் கணவாயில் நின்றுவிட்டது.
மாங்கூழ் டிரம் ஏற்றிய லாரி கவிழ்ந்து
ரோடெல்லாம் மஞ்சள் என்றார்கள்.
மூவாயிரம் பேர். விசில். ஒற்றைச் செருப்பு.
திம்மராஜ் முன்னால் வந்தான்.
சீசாக் கழுத்தை மாட்டினான்.
முதல்தடவையாகப் பாடவும் பாடினான்.

“நூறடியில மண்ணு, ஐந்நூறுல பாறை,
ஆயிரத்துக்குக் கீழ என் பொண்டாட்டி நகை.”

அதையே இன்னொரு முறை.
மூன்றாவதாகப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில்
வாயை மூடிக்கொண்டு கிட்டாரை விட்டான்.

பஜ்ஜிக் கடை அம்மா சட்டியை இறக்கி வைத்து
“யாருப்பா செத்தது?” என்று கேட்டாள்.
அவனுக்குக் கிடைத்த ஒரே விமர்சனம்.
கமிட்டித் தலைவர் என் தோளைத் தட்டினார்.
“கொறைப்பா அத. பென் டிரைவ் போடு.”

குறைத்தேன்.
சட்டென்று அல்ல. மயிரிழை மயிரிழையாக,
அவனுக்கே தெரியாது என்று நினைத்துக்கொண்டு.
குத்துப்பாட்டு எழும்பியது. ஜனம் எழுந்து ஆடியது.
அவன் நிறுத்தவில்லை. உதடு அசைந்தது,
அந்த வார்த்தைகள் யாருக்கும் கிடைக்கவில்லை.
என்னிடம் ஹெட்போன் இருந்தது.
நான்காவது சேனலை மட்டும் காதுக்கு எடுத்தேன்.
கடைசி வரைக்கும் அந்தக் கிட்டாரைக் கேட்டவன்
நான் ஒருத்தன்,
குறைத்தவனே.

வேனில் அவன் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது கச்சேரி இல்லாத நாளில்
தக்காளி ஏற்றிச் சென்னை போகிறான்.
கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வரிசை நகராவிட்டால்
சீட்டுக்குப் பின்னாலிருந்து எடுப்பானாம்.
பின்வண்டிக்காரன் ஹாரன் அடிக்கும்வரை.

போன வாரம் காவேரிப்பட்டணம்.
மைக் கட்டும்போது சொன்னான்:
“நாலாவது லைன்ல ஏதோ இரைச்சல் வருதுடா, பாரு.”
கேபிளை மாற்றினேன். ஜாக்கைத் துடைத்தேன்.
இரைச்சல் அப்படியே இருந்தது.
“பரவால்ல, விடு” என்றான்.